கைச்சீட்டு என்பது புரோநோட்டா, வெறும் கடன் ஒப்புதலா?

ஏட்டுக்கட்டு கேட்கிறார்:

பழைய குடும்பக் கணக்குக் கட்டு ஒன்றைப் படித்து ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு தாள், ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன் மேல் கையெழுத்து. வாசகம் இப்படி (பெயர்களை எடுத்துவிட்டேன்):

"நந்தன ௵ ஆனி ௴ 12 ௳ ... அவர்களுக்கு ... எழுதிக்கொடுத்த கைச்சீட்டு. என் குடும்பச் செலவுக்காகத் தங்களிடம் இன்று ரொக்கம் பற்றிக்கொண்டது ௹ 300-0-0. ௸ ரூபாய்க்கு மாதம் 100க்கு 0-12-0 வீதம் வட்டி சேர்த்து தங்களுக்கு வேண்டும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்காவது கொடுத்து இந்தச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வேனாகவும்."

பின்பக்கத்தில் "தை ௴ 5 ௳ ௷ 40-0-0" என்று ஒரு வரி, கீழே கடன் வாங்கியவர் கையெழுத்து.

என் சந்தேகங்கள்: கைச்சீட்டு என்பதும் புரோநோட்டு என்பதும் ஒன்றா? கைமாத்து, முறி, உண்டியல் என்றெல்லாம் சொல்கிறார்களே, அவை எங்கே வேறுபடுகின்றன? இன்றைக்கு ஒருவர் "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் அது எதில் சேரும்?

---

பழங்கணக்கு:

முதலில் தாளைப் படித்துவிடலாம். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ மேற்படி, ௷ வரவு. இதன் ஜோடி ௶, அதாவது பற்று. உங்கள் தாளில் அது இல்லை. நந்தன வருஷம் 1952-53. அறுபது வருஷச் சுற்று என்பதால் 1892-93ஆகவும் இருக்கலாம். ஸ்டாம்பைப் பார்த்தால் எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும். 1952 என்று வைத்துக்கொண்டால் ஆனி 12 ஜூன் கடைசி வாரத்தில் விழும்.

0-12-0 என்பது ரூபாய்-அணா-பை வரிசை. இந்தப் பை அணாவில் 12இல் ஒரு பங்கு. 1957 ஏப்ரலில் வந்த நயா பைசாவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 12 அணா முக்கால் ரூபாய். ஆக 100க்கு மாதம் முக்கால், ஆண்டுக்கு 9 சதவீதம். 300 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் 4 அணா, வருஷத்துக்கு 27 ரூபாய். அந்தக் காலத்துக் கைக்கடனுக்கு இது மிதமான வட்டிதான்.

பின்பக்க வரிக்கு வருவோம். ஆனி 12 முதல் தை 5 வரை ஏறக்குறைய 6 மாதம் 23 நாள். வட்டி சுமார் 15 ரூபாய் 4 அணா. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வந்த பணம் முதலில் வட்டிக்குப் போகும், மிச்சம்தான் அசலில் கழியும். 40இல் 15¼ போக 24¾ அசலுக்கு. நின்ற அசல் சுமார் 275¼. அந்தக் கணக்குக் கட்டுக்குள் பேரேடு இருந்தால் அதே தேதியில் இந்த எண் நெருங்கி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தாளும் கணக்கும் ஒரே கடனைச் சொல்கின்றன.

இனி சொற்கள். கைச்சீட்டு, கடன் வாங்கியவர் தன் கையொப்பத்தில் கொடுக்கும் சீட்டு. நிலமோ நகையோ பிணை கிடையாது, ஆளை நம்பி வாங்குவது. கைமாத்து அதற்கும் ஒரு படி கீழே. 'கைமாத்தா ஐயாயிரம் குடுங்க, பத்து நாள்ல தர்றேன்' என்றால் தாளும் இல்லை, பெரும்பாலும் வட்டியும் இல்லை. கைமாத்துக்கு எழுதிக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், நோட்டுக் கடனுக்கு எழுதாவிட்டால் கொடுப்பவர் சிரிப்பார். 'முறி' பழைய ஆவணச் சொல். எழுதிக்கொடுத்த பத்திரம் எதற்கும் பொதுவாக வழங்கியது. தமிழ்நாட்டில் இன்று அது செலாவணி முறிச் சட்டம் (Negotiable Instruments Act) என்ற பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பதோடு சரி. உண்டியலில் ஆட்கள் மூன்று பேர்: எழுதுகிறவர், 'இன்னாருக்குக் கொடு' என்று அவர் சொல்லும் கடைக்காரர், பணம் பெறுகிறவர். கைச்சீட்டில் இரண்டே பேர். செட்டியார்களின் தர்சனி உண்டியல் காட்டியவுடன் பணம், தவணை உண்டியல் நாள் கழித்துப் பணம்.

கைச்சீட்டு என்ற சொல் ஏன் மறைந்தது என்று கேட்டால் என் ஊகம் இதுதான்: 'சீட்டு' என்றாலே ஏலச்சீட்டு என்று ஆகிவிட்டது. அந்த இடத்தில் 'நோட்டு' வந்து உட்கார்ந்துவிட்டது. 'நோட்டு எழுதி வாங்கு', 'நோட்டை மாத்தி எழுது', 'நோட்டு டயம் முடியுது' என்றுதான் கடைவீதியில் பேச்சு.

---

குமாஸ்தா:

அண்ணன் சொன்ன சொல் விளக்கம் சரி. ஆனால் தாளின் தலைப்பில் என்ன பெயர் இருக்கிறது என்பதை நீதிமன்றம் பார்க்காது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் அதன் சாதியைத் தீர்மானிக்கும். ஏட்டுக்கட்டு ஐயா காட்டிய தாள் பெயரில் கைச்சீட்டு, உடம்பில் முழுப் புரோநோட்டு.

1881ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டம் 4ஆம் பிரிவு இதற்கு உதாரணங்களே கொடுத்திருக்கிறது. 'திரு. ஆ, உங்களுக்கு நான் 1,000 ரூபாய் கடன்' என்று மட்டும் எழுதினால் அது புரோநோட்டு அல்ல. 'ஆ என்பவருக்கு 1,000 ரூபாய் கடன்பட்டிருக்கிறேன், பெற்ற மதிப்புக்காகக் கேட்கும்போது செலுத்தத் தக்கது' என்று எழுதினால் புரோநோட்டு. முதலாவது நடந்ததைச் சொல்கிறது. இரண்டாவது செலுத்தும் கடமையை ஏற்கிறது. உங்கள் மூன்றாவது கேள்வியில் உள்ள துண்டுத் தாள் முதல் வகை.

தொகையும் நிச்சயமாக இருக்க வேண்டும், நிபந்தனையும் கூடாது. '500 ரூபாயும் இனி சேரும் மற்றத் தொகைகளும்' என்றால் நோட்டு அல்ல. கல்யாணம் ஆகி ஏழாம் நாள் தருவேன் என்றாலும் அல்ல. '500 ரூபாயும் என் கறுப்புக் குதிரையும் தருவேன்' என்று ஓர் உதாரணம் சட்டத்திலேயே இருக்கிறது, அதுவும் அல்ல. குதிரை இருக்கும் இடத்தில் 'ரெண்டு மூட்டை நெல்லும்' என்று போட்டுப் பாருங்கள், நம் ஊர்ச் சீட்டுகளில் பாதி விழுந்துவிடும்.

இந்த வேறுபாடு எங்கே கடிக்கும் என்றால் ஸ்டாம்பில். 1899ஆம் ஆண்டு முத்திரைத்தாள் சட்டத்தின் அட்டவணையில் முதல் இனமே கடன் ஒப்புகை. 20 ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்குச் சாட்சியமாக எழுதிக் கடன் கொடுத்தவரிடம் விட்டுவைக்கும் தாள் அது. ஆனால் அதில் திருப்பித் தருகிறேன் என்ற வாக்கோ, வட்டி பற்றிய பேச்சோ இருக்கக் கூடாது. 'வட்டி 1 ரூபாய் வீதம்' என்று ஒரு வரி சேர்த்த உடனே அது ஒப்புகை என்ற கூட்டை விட்டு வெளியே வந்துவிடும்.

வெளியே வந்து புரோநோட்டு என்று ஆகி, அதில் ஸ்டாம்பும் இல்லை என்றால் கதை முடிந்தது. மற்றப் பத்திரங்களில் ஸ்டாம்பு குறைந்தால் குறைந்த தொகையும் அபராதமும் கட்டி 35ஆம் பிரிவின் கீழ் சாட்சியத்தில் சேர்க்கலாம். புரோநோட்டுக்கு அந்தச் சலுகையே இல்லை. பிறகு ஒட்டினாலும் உயிர் வராது. தாளை விட்டுவிட்டு மூலக் கடனுக்கே வழக்குப் போடலாமே என்பார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தின் 1938ஆம் ஆண்டு முழு அமர்வுத் தீர்ப்பு அதற்கு வரம்பு போட்டிருக்கிறது: பணம் கொடுத்ததும் நோட்டு எழுதியதும் ஒரே சமயம், கடனின் எல்லா நிபந்தனைகளும் நோட்டுக்குள்ளேயே இருக்கின்றன என்றால் நோட்டை ஒதுக்கிவிட்டுக் கடனை வேறு வழியில் நிரூபிக்க முடியாது. ஏற்கெனவே இருந்த கடனுக்குப் பிறகு நோட்டு எழுதி வாங்கியிருந்தால் நிலை வேறு.

---

ஏட்டுக்கட்டு:

அப்படியானால் இன்றைக்கு எழுதும்போது என்ன ஸ்டாம்பு, எப்படி? கடையில் விற்கும் அச்சடித்த பாரம் போதுமா? சாட்சி வேண்டுமா?

---

எழுத்துக்கூலி:

பாரம் போதும். வெள்ளைத் தாளும் போதும். எந்தத் தாள் என்பதில் ஒன்றுமில்லை, கீழ்க்கண்டவை இருக்கிறதா என்பதில்தான் எல்லாம்.

எழுதிய தேதியும் ஊரும். கொடுப்பவர், வாங்குபவர் இருவர் பெயரும் தகப்பனார் பெயர், வயது, விலாசத்தோடு. தொகை எண்ணிலும் எழுத்திலும். வட்டி விகிதம், அது மாதத்துக்கா வருஷத்துக்கா என்பது உட்பட. 'ரெண்டு வட்டி' என்று பேச்சில் சொன்னால் மாதம் 100க்கு 2 ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம். தாளில் வெறுமனே '2 சதவீத வட்டி' என்று எழுதிவிட்டால் வருஷத்துக்கு 2 என்று எதிர்த்தரப்பு வாதாடும். வட்டி உண்டு என்று எழுதி விகிதத்தை விட்டுவிட்டால் செலாவணி முறிச் சட்டம் 80ஆம் பிரிவுப்படி வருஷத்துக்கு 18. இன்னொன்று, தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட வட்டிக்கு நோட்டு கவசம் ஆகாது.

அடுத்து 'தாங்கள் கேட்கும்போது' என்ற வாசகம். இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். கேட்கும்போது செலுத்தும் நோட்டுக்கு எவ்வளவு பெரிய தொகையானாலும் முத்திரைத் தீர்வை பைசாக் கணக்குதான். நாடு முழுதும் ஒரே விகிதம், ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு தாராளம். ஆனால் 'ஆறு மாதத்தில் தருகிறேன்' என்று தவணை போட்டால் தீர்வை தொகைக்கு ஏற்ப ஏறும் வகைக்குப் போய்விடும். அதற்கும் ஒரு ரூபாய் ஸ்டாம்பை ஒட்டி வைத்துவிடுகிறார்கள். குமாஸ்தா சொன்னதுபோல அதைப் பிறகு சரிசெய்யவும் முடியாது. தவணை வேண்டுமானால் வாயால் பேசிக்கொள்ளுங்கள், தாளில் 'கேட்கும்போது' என்றே இருக்கட்டும்.

'தங்களுக்கோ தங்கள் ஆர்டர் பெற்றவர்களுக்கோ' என்பதையும் விடாதீர்கள். பழைய தாளில் 'உத்தரவு பெற்றவர்களுக்காவது' என்றிருப்பது இதுவேதான். 'கையில் வைத்திருப்பவருக்கு' என்று மட்டும் எழுதவே கூடாது. ரிசர்வ் வங்கிச் சட்டம் 31ஆம் பிரிவு அப்படிப்பட்ட நோட்டைத் தனியார் எழுதத் தடை போட்டிருக்கிறது. காரணம் எளிது: கைமாறிக் கைமாறிப் போகும் தாள் ரூபாய் நோட்டுக்குப் போட்டியாகிவிடும்.

ஸ்டாம்பை ஒட்டிக் கையெழுத்து பாதி ஸ்டாம்பிலும் பாதி தாளிலும் விழுகிற மாதிரி போட வேண்டும். இது அழகுக்காக அல்ல. ஒட்டுமுத்திரையை மறுபடி பயன்படுத்த முடியாதபடி குறுக்கிடாவிட்டால் அது ஒட்டவே இல்லை என்று கணக்கு. கையெழுத்தை ஸ்டாம்புக்குக் கீழே தனியாகப் போட்டுவிட்டு ஸ்டாம்பைச் சுத்தமாக விட்ட நோட்டுகள் தோற்கின்றன. எழுதத் தெரியாதவர் என்றால் இடது பெருவிரல் ரேகை, பக்கத்தில் 'இது இன்னாரின் ரேகை' என்று ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். (பழைய ஆவணங்களில் இப்படிப் போடும் சொந்த அடையாளத்துக்குத் தற்குறி என்று பேர். இன்று அது வசைச்சொல்லாகிச் சமூக வலைத்தளம் முழுக்க ஓடுகிறது.)

சாட்சி கட்டாயம் இல்லை. கையெழுத்தே என்னுடையது அல்ல என்று ஒருவர் மறுத்தால் அப்போது சாட்சி உதவுவார். ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. சாட்சிக் கையொப்பம் இருந்து, ஆர்டர் வாசகம் இல்லாவிட்டால், இது நோட்டே அல்ல, கடன் பத்திரம் என்று எதிர்த்தரப்பு கிளப்பும். பத்திரத்துக்குத் தீர்வை மிக அதிகம். அந்த ஆர்டர் வாசகம் இருந்துவிட்டால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

---

பழங்கணக்கு:

இதில் ஒரு சின்ன மாறுபாடு. பத்திரம் என்று முடிவானால் கடன் கொடுத்தவருக்கு எப்போதும் நஷ்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டாம்பே ஒட்டாத தாள் புரோநோட்டு என்றால் செத்தது, பத்திரம் என்றால் அபராதம் கட்டிப் பிழைக்கலாம். அதனால் சில வழக்குகளில் கடன் கொடுத்தவர் 'இது பத்திரம்' என்றும், வாங்கியவர் 'இல்லை, புரோநோட்டு' என்றும் தலைகீழாக வாதாடுவார்கள்.

---

எழுத்துக்கூலி:

ஒப்புக்கொள்கிறேன். புதிதாக எழுதுகிறவருக்கு என்று சொன்னேன்.

---

வடலிக்காணி:

இலங்கைப் பக்கத்தால ஒரு குறிப்பு. 'முறி' தமிழ்நாட்டில் மறைஞ்சிருக்கலாம், இஞ்சை பத்திரிகையில் ஒவ்வொரு கிழமையும் வாற சொல். அரசாங்கத்தின் நீண்டகாலக் கடன் பத்திரம் திறைசேரி முறி. குறுங்காலம் என்றால் திறைசேரி உண்டியல். 91, 182, 364 நாள் என்று மூன்று வகை. 2015இல் மத்திய வங்கி விவகாரம் வெடிச்சபோது 'பிணைமுறி' என்ற சொல் தேத்தண்ணிக் கடை வரைக்கும் வந்திட்டுது. தமிழ்நாட்டு ஆக்கள் உண்டியல் என்றதும் கோயில் உண்டியலை நினைக்கினம்; எங்கட மாணவர் வணிகக் கல்விப் பாடத்தில் மாற்றுண்டியல் படிக்கினம்.

சட்டமும் வேறை. இஞ்சை 1927ஆம் ஆண்டு 25ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம். 1871ஆம் ஆண்டுக் காலாவதிச் சட்டப்படி எழுத்தில் உள்ள சீட்டுக்கு 6 ஆண்டு, எழுதாத கடனுக்கு 3 ஆண்டு. 1918ஆம் ஆண்டுக் கடன் வழங்கல் சட்டத்தில் ஒரு முக்கிய விசயம்: உண்மையில் கையில் வாங்கின முதல் எவ்வளவு, முன்கூட்டியே கழிச்சது எவ்வளவு, வட்டி என்ன வீதம் என்பது நோட்டிலேயே எழுதியிருக்க வேணும். ஒரு லட்சத்துக்கு நோட்டு எழுதி, வட்டி பிடிச்சு எண்பத்தையாயிரம் கையில் குடுக்கிற பழக்கத்துக்குப் போட்ட கடிவாளம் அது. ஆகவே மேலே சொன்ன இந்தியக் கணக்குகளை இஞ்சை அப்படியே பொருத்தாதேங்கோ.

---

ஏட்டுக்கட்டு:

நன்றி. இந்தியாவில் 3 ஆண்டு என்று கேள்விப்பட்டேன். 'கேட்கும்போது' என்று எழுதியிருந்தால் கேட்ட நாளிலிருந்துதானே 3 ஆண்டு? பின்பக்கம் வரவு எழுதுவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

---

குமாஸ்தா:

இல்லை ஐயா, நிறையப் பேர் பணத்தை விடுவது இங்கேதான். கேட்கும்போது செலுத்தும் நோட்டுக்குக் காலம் நோட்டின் தேதியிலிருந்தே ஓடுகிறது. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம், 35ஆம் இனம், 3 ஆண்டு. 1908ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் 3 ஆண்டுதான். 10-6-2022இல் எழுதிய நோட்டுக்கு 10-6-2025க்குள் வழக்கு. அன்று நீதிமன்றம் விடுமுறை என்றால் திறக்கும் நாள்.

அந்த 3 ஆண்டுக்குள் கடன்காரர் வட்டியோ அசலில் கொஞ்சமோ கட்டினால் கட்டிய நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டு. 19ஆம் பிரிவு. நிபந்தனை: அந்த வரவு கடன்காரர் கையெழுத்திலோ, அவர் கையொப்பத்தோடோ இருக்க வேண்டும். கடன் கொடுத்தவர் தானே பின்பக்கம் 'வரவு 500' என்று எழுதிக்கொண்டால் கணக்குக்கு ஆகும், காலத்துக்கு ஆகாது. இதே நோட்டில் 5-3-2025இல் 500 ரூபாய் வரவு, கீழே கடன்காரர் கையொப்பம் என்றால் 5-3-2028 வரை ஓடும். கெடு தாண்டி ஒரு நாள் கழித்து வாங்கிய வரவு பயன்படாது. தாண்டியபின் 'பழைய பாக்கியைக் கொடுத்துவிடுகிறேன்' என்று எழுத்தில் கையொப்பமிட்டுப் புது வாக்குக் கொடுத்தால் அது ஒப்பந்தச் சட்டம் 25(3)இன் கீழ் தனி ஒப்பந்தமாக நிற்கும். அதனால்தான் 'நோட்டை மாத்தி எழுது' என்பது. மாற்றும்போது வட்டியை அசலோடு சேர்த்து எழுதிவிடுவார்கள். வாங்குபவர் கவனிக்க வேண்டியது அங்கேதான்.

உங்கள் தாளின் தை 5 வரவு கடன்காரர் கையொப்பத்தோடு இருப்பதால் சட்டப்படி சரியான வரவு. 1953 ஜனவரியிலிருந்து எண்ணினால் 1956 ஜனவரியோடு காலம் முடிந்தது. இன்று அதற்கு ஆவண மதிப்பு மட்டும்தான்.

---

எழுத்துக்கூலி:

இரண்டு விஷயம் விட்டுப்போச்சு.

ஒன்று, வெத்து நோட்டு. தொகை எழுதாத தாளில் ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்த ஸ்டாம்பு தாங்கும் தொகை வரை நிரப்பிக்கொள்ளக் கையில் வைத்திருப்பவருக்குச் செலாவணி முறிச் சட்டம் 20ஆம் பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. கேட்கும்போது செலுத்தும் நோட்டுக்கு ஒரு ரூபாய் ஸ்டாம்பே எந்தத் தொகையையும் தாங்கும் என்று மேலே சொன்னேனே, அதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அதோடு அதே சட்டம் 118ஆம் பிரிவுப்படி பணம் கைமாறியது என்பது முதல் அனுமானம்; மாறவில்லை என்று காட்ட வேண்டியது கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு. அதனால் தொகைக் கட்டத்தை நிரப்பி, முன்னும் பின்னும் கோடு இழுத்த பிறகே கையெழுத்து. நிரம்பிய நோட்டில் 20,000ஐ 2,00,000 ஆக்கினாலோ தேதியைத் திருத்தினாலோ வாங்கியவர் ஒப்புதல் இல்லாத அந்தத் திருத்தம் நோட்டையே செல்லாததாக்கும்.

இரண்டு, மேடோவர். கடன் கொடுத்தவர் பின்பக்கம் 'இந்த நோட்டின் அசல் வட்டித் தொகையை இன்னாருக்குச் செலுத்தவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டு நோட்டை வேறொருவருக்கு மாற்றிவிடலாம். அதைத்தான் 'மேடோவர் பண்ணிட்டார்' என்பார்கள். பழைய ஆளிடமே பணத்தைக் கட்டிவிட்டு நோட்டை வாங்காமல் விட்டவர்களுக்கு இங்கே இரண்டாம் தடவை கட்டும் சங்கடம் வருகிறது. பணம் கட்டும்போது நோட்டை நேரில் கொண்டுவரச் சொல்லுங்கள். தவணைப் பணமானால் அதன் பின்பக்கமே வரவு. முழுத் தொகையானால் 'அசலும் வட்டியும் முழுதும் வரவாகித் தீர்ந்தது' என்று தேதியோடு எழுதி, கடன் கொடுத்தவர் கையெழுத்து வாங்கி, மூலத்தாளை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அந்த இடத்திலேயே கிழித்துப் போடும் வழக்கம் உண்டு. கிழிக்காமல் குறுக்கே கோடு போட்டு வைத்துக்கொள்வது நல்லது. தொலைந்துபோச்சு என்றால் அதையே எழுத்தில் வாங்கி, 'பின்னால் கிடைத்தாலும் செல்லாது' என்ற வரியோடு ரசீது. 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரசீதுக்கும் ஒரு ரூபாய் ஸ்டாம்பு.

---

குமாஸ்தா:

ரொக்கமா வங்கியா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருமானவரிச் சட்டப்படி 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது; வாங்கினால் அந்தத் தொகை அளவுக்கே அபராதம் வரலாம், சில விலக்குகள் தவிர. 'இன்று ரொக்கமாகப் பெற்றுக்கொண்ட' என்று அச்சடித்த பாரத்தில் இருப்பதை அடித்துவிட்டு, காசோலை எண்ணோ வங்கிப் பரிமாற்ற எண்ணோ எழுதி, அடித்த இடத்தில் கடன்காரர் சுருக்கொப்பம் வாங்கிவிடுங்கள்.